கொயுகுக் ஆற்றுப் பனிச்சறுக்குப் பயணம்: புதுப்பிப்பு

அலாஸ்காவின் வைஸ்மன் சிற்றூரிலிருந்து கொயுகுக் ஆற்றின் வடகிளையை நோக்கி, நண்பர்களோடு மார்ச் மாதத்தில் பனிச்சறுக்கிச் செல்ல உறைந்த ஆற்றுப்படுகை ஏற்றதா, கரையோரக் காடு ஏற்றதா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்த் திரும்பிவிட்டோம். ஆறுதான் சரியான வழி. காட்டில் பொலபொலவென்ற பனியில் பொதிச் சறுக்குவண்டியை இழுப்பது வீண் உழைப்பு.

உங்களில் பலர் எச்சரித்த மேல்வழிவு நீரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆழமற்ற இடங்களில் பனிக்கட்டி அடிமட்டம் வரை உறைந்துவிடுவதால், கீழே ஓடிவரும் நீர் அங்கே தடைபட்டு, அழுத்தம் தாங்காமல் விரிசல் வழியே மேலேறி, பனிக்கட்டிக்கும் அதன்மேல் படிந்த பனிக்கும் இடையே பரவுகிறது. மேலுள்ள பனி போர்வையாகக் காப்பதால், கடுங்குளிரிலும் அது உடனே உறைவதில்லை. சாம்பல் நிறமாகத் தாழ்ந்து தெரியும் பனியைக் கண்டால் விலகிச் சென்றோம். தவிர்க்க முடியாதபோது, நனைந்த ஸ்கீயின் அடியில் ஒட்டிய பனியை அது இறுகுமுன் சுரண்டினோம். அதற்கு உலோகச் சுரண்டி வேண்டும். நெகிழிச் சுரண்டி என் கருத்தில் பொம்மைதான்.

1929இல் இப்பக்கம் வந்த அமெரிக்க வனவியலாளர் ராபர்ட் மார்ஷல் 'ஆர்க்டிக்கின் வாயில்கள்' என்று பெயரிட்ட இரு மலைகளில் போரியல் மலை கிழக்கிலும் ஃப்ரிஜிட் கிராக்ஸ் மேற்கிலும் நிற்கின்றன. அதே பெயர் கொண்ட இங்குள்ள தேசியப் பூங்காவுக்குள் சாலையோ அமைக்கப்பட்ட பாதையோ கிடையாது என்பதால், அடுத்து செல்வோர் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அதன் மின்கலத்தை உடலோடு ஒட்டி வைத்திருங்கள்.