புதுப்பிப்பு: வின்மெயில்.டாட் ஆக வந்த இணைப்புகள் (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஒரே ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃப் மட்டும் என் மின்னஞ்சல் நிரலான தண்டர்பேர்டில் வின்மெயில்.டாட் என்ற கோப்பாக வருகிறது, எதிலும் திறக்கவில்லை.

கோளாறு என் பக்கம் இல்லை, அனுப்புபவரின் மின்னஞ்சல் நிரலான அவுட்லுக்கைப் பாருங்கள் என்றவர் சொன்னதே சரி. ரிச் டெக்ஸ்ட் வடிவில் எழுதினால், எழுத்து அலங்காரத்தையும் இணைப்பையும் சேர்த்து டிநெஃப் என்ற ஒரே பொட்டலமாக அவுட்லுக் கட்டிவிடும்; அதுதான் வின்மெயில்.டாட் ஆக வருகிறது. பிடிஎஃப் ரீடரை மறுபடி நிறுவியதும், கோப்பின் பெயரை மாற்றியதும் வீண்வேலை. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பொட்டலம்தானே.

அனுப்புபவரின் கணினியில் (பழைய, கிளாசிக் அவுட்லுக்) ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் போய் எழுதும் வடிவத்தை எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களின் வடிவம்) ஆக்கினோம். அதே பக்கத்தின் அடியில், ரிச் டெக்ஸ்ட் மடல் வெளியே போகும்போது எச்டிஎம்எல் ஆக மாற்றும் தெரிவும் உண்டு, அதையும் வைத்தோம்.

எதிர்பாராதது: அடுத்த மடலின் இணைப்பும் வின்மெயில்.டாட் ஆகவே வந்தது. பெறுநர் கட்டத்தில் தட்டச்சத் தொடங்கியதும் தானாக வந்து நிற்கும் முகவரி, பழைய வடிவத்தைத் தன்னோடு வைத்திருந்தது. பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை நீக்கி, முகவரியை முழுதாக அடித்ததும் பிடிஎஃப் பிடிஎஃப் ஆகவே வந்தது.

ஏற்கெனவே வந்து கிடப்பவற்றுக்கு, லினக்ஸில் டிநெஃப் என்ற பெயரிலேயே உள்ள சிறு நிரல் போதும். கட்டளைவரியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளிருப்பதைப் பிரித்துத் தரும். இணையத்தில் பதிவேற்றிப் பிரிக்கும் தளங்களும் உண்டு. வங்கி விவரம் உள்ள பில்லை அங்கே போடாதீர்கள்.