குடும்பப் பெயரா, மாற்றமா? அமெரிக்க அதிபர் தேர்தல்களில் நாம் நேரில் பார்த்ததும் கேட்டதும்

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

1980 முதல் 2004 வரை நடந்த ஏழு அதிபர் தேர்தல்களிலும் ஒரு புஷ்ஷோ ஒரு கிளின்டனோ வாக்குச்சீட்டில் இருந்தார். அதிபர் வேட்பாளராக இல்லாவிட்டால் துணை அதிபர் வேட்பாளராக. 1989 ஜனவரியிலிருந்து 2009 ஜனவரி வரை, முழுசாக 20 வருடம், வெள்ளை மாளிகையில் இரண்டே குடும்பங்கள். அப்புறம் 2016-க்கு மூன்றாவது புஷ்ஷாக ஜெப்பும் (ஒரு அதிபரின் மகன், இன்னொரு அதிபரின் தம்பி), இரண்டாவது கிளின்டனாக ஹிலாரியும் (பில் கிளின்டனின் மனைவி) வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து வாக்காளர்கள் என்ன பேசினார்கள் என்பது நம்மில் பலருக்கு நேரில் தெரியும். தெரிந்ததை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் மாநிலத்தில் பிரைமரி (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்கெடுப்பு) என்றால் வேட்பாளர்கள் நம்மைத் தேடி வருவார்கள். பள்ளிக்கூட ஹால், காபிக் கடை, தீயணைப்பு நிலையம் என்று எங்கே வேண்டுமானாலும் கைகுலுக்கிக் கேள்வி கேட்கலாம். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள் அன்றைக்கு எந்தக் கட்சிச் சீட்டை வேண்டுமானாலும் வாங்கி வாக்களிக்கலாம். அதனால் இங்கே யாரையும் "நம்ம ஆள்" என்று எண்ணி வைக்க முடியாது.

ஜெப் புஷ் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு போனேன். வாழ்நாள் முழுக்க லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய ரிபப்ளிகன், அதாவது புஷ்களின் கட்சிக்காரர். ஜெப் நன்றாகவே பேசினார். எட்டு வருடம் ஃப்ளோரிடா கவர்னராக இருந்தவர் என்பது தெரிந்தது. பள்ளிக் கல்வி பற்றி ஒருவர் கேட்டதற்கு அவ்வளவு விவரமாகப் பதில் சொன்னார். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. வெளியே பனியில் காரை நோக்கி நடக்கும்போது பெரியவரிடம், "பிடித்ததா?" என்றேன். "நல்ல மனுஷன். இவர் அப்பாவுக்கு 88-இல் போட்டேன். அண்ணனுக்கு இரண்டு தடவை போட்டேன். அந்த வீட்டுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

அந்தக் குடும்பத்துக்கும் இது தெரியாமல் இல்லை. பிரசார அட்டைகளில் முதல் பெயர் மட்டும்தான், "புஷ்" கிடையாது. 2013-லேயே அம்மா பார்பரா தொலைக்காட்சியில், வெள்ளை மாளிகைக்குப் போன புஷ்கள் போதும் என்று சொல்லியிருந்தார். அதே அம்மா 90 வயதில், நடை உதவிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு பனியில் மகனுக்காக இங்கே வாக்குக் கேட்க வந்தார். பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பெயரோடு இராக் போரும் சேர்ந்தே வந்தது. இன்று தெரிந்தது அன்றே தெரிந்திருந்தால் படை அனுப்பியிருப்பீர்களா என்று 2015 மே மாதம் ஒரு பேட்டியில் கேட்டார்கள். அண்ணன் எடுத்த முடிவைப் பற்றித் தம்பியிடம் கேட்கும் கேள்வி. பல நாள் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லித் தடுமாறினார். வேறு எந்த வேட்பாளரையும் அந்தக் கேள்வி இப்படிக் குத்தியிருக்காது.

பணத்துக்குக் குறைவில்லை. அவரை ஆதரித்த அமைப்பு 2015-இன் முதல் பாதியிலேயே 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தது. எங்கள் தபால் பெட்டி அவர் படத்தால் நிரம்பியது. அதுவே எதிராக வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். காபிக் கடையில் ஒரு பெண், "எங்களைக் கேட்பதற்கு முன்பே யாரோ முடிவு செய்துவிட்டார்கள், கையெழுத்துக்குத்தான் எங்களிடம் வருகிறார்கள்" என்றார். கிட்டத்தட்ட இதே பேச்சை அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு கட்சிக்காரர்களிடமும் கேட்டேன். குடும்பத்தின் மேல் அவர்களுக்கு வெறுப்பு கிடையாது. தங்களைக் கேட்காமல் முடிவாகிவிட்டதே என்பதுதான் குறை.

பிரைமரியில் ட்ரம்புக்குச் சுமார் 35 சதவீதம், ஜெப்புக்கு 11, நாலாவது இடம். அடுத்து தென் கரோலினாவிலும் அடி வாங்கி, பிப்ரவரி 20 அன்று விலகினார். மறுபக்கம் எங்கள் மாநிலத்துக்கும் கிளின்டன்களுக்கும் பழைய உறவு. 1992-இல் பில் கிளின்டனைத் தூக்கி நிறுத்தியதும் 2008-இல் ஹிலாரியை ஜெயிக்க வைத்ததும் நாங்கள்தான். 2016-இல் டெமாக்ரடிக் கட்சிப் பிரைமரியில் அவரை எதிர்த்து நின்ற சாண்டர்ஸுக்கு 60 சதவீதம், ஹிலாரிக்கு 38.

டெ மொய்ன், அயோவா

நான் சொல்வது அதற்கு முந்தைய சுற்று. 2008 ஜனவரி 3, அயோவா காகஸ், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர் ஊராகக் கூடும் கூட்டம். எனக்கு அப்போது கிரீன் கார்டுதான், வாக்கு இல்லை. பார்வையாளராக ஓரத்தில் நிற்க விட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்போதெல்லாம் டெமாக்ரடிக் காகஸில் சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. பள்ளி ஜிம்மில் ஆளுக்கொரு மூலையாக வேட்பாளர் வாரியாக நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத குழு கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அந்த இடைவேளையில்தான் உண்மையான அரசியல். பக்கத்து வீட்டுக்காரர்கள், டீச்சர், பல் டாக்டர் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுப்பார்கள்.

எங்கள் ஜிம்மில் சின்னக் குழு ஒன்று கலைந்தது. அதில் ஒரு அம்மாவும் முதல்முறை வாக்களிக்க வந்த மகளும். ஹிலாரி பக்கத்து அம்மாக்கள் ஓடி வந்து பேசினார்கள்: அனுபவம், முதல் பெண் அதிபர், எல்லாமே நியாயமான வாதங்கள். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்போது அந்தப் பெண், "நான் பிறந்ததிலிருந்து புஷ், கிளின்டன், புஷ். அடுத்ததும் கிளின்டன் என்றால் எனக்கு எப்போதுதான் வேறு பெயர் வரும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் ஒபாமா மூலைக்கு நடந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அன்றைக்கு 18 வயது என்றால் 1989-இல் பிறந்தவள். அவள் சொன்னதில் மிகை இல்லை.

2004-இல் சுமார் 1.25 லட்சம் பேர் வந்த டெமாக்ரடிக் காகஸுக்கு அன்று 2.39 லட்சம் பேர் வந்தார்கள். ஹிலாரி மூன்றாவது இடம். ஒபாமாவுடைய பேச்சாற்றல்தான் காரணம் என்று பலர் எழுதினார்கள். இருக்கலாம். நான் பார்த்த இடத்தில் பெயர் மாற வேண்டும் என்ற ஆசைதான் ஆட்களை நடக்க வைத்தது.

ஸ்டெர்லிங் ஹைட்ஸ், மிச்சிகன்

நாஷுவா அண்ணா சொன்ன அந்தக் காபிக் கடைப் பேச்சை நான் வாசல் வாசலாகக் கேட்டவன். 2016 அக்டோபரில் ஹிலாரிக்காக எங்கள் மெக்கோம் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) கதவு தட்டினேன். கார்த் தொழிற்சாலைக் குடும்பங்கள் நிறைந்த இடம். 2008-லும் 2012-லும் ஒபாமாவை ஜெயிக்க வைத்த கவுண்டி.

ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு தேர்தலிலும் வாக்களித்தவர்கள் என்று என் பட்டியலில் இருந்தது, இரண்டு தடவையும் ஒபாமாவுக்கா என்று கேட்டேன், கணவர் ஆமாம் என்றார். உதிரி பாகம் செய்யும் ஆலையில் வேலை. ஆலை மெக்சிகோவுக்குப் போய்விட்டது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி அவர் பேசியது என்னை உலுக்கியது. 1992 டிசம்பரில் அதில் கையெழுத்துப் போட்டது அப்பா புஷ். அடுத்த வருடம் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்துப் போட்டது பில் கிளின்டன். "இரண்டு வீடும் சேர்ந்து செய்தது. கட்சி மட்டும்தான் வேறு. இப்போது அந்த வீட்டுக்கே மறுபடி போடச் சொல்கிறாயே தம்பி?" என்று கேட்டார்.

நான் ஹிலாரியின் தொழிற்பயிற்சித் திட்டம், கல்லூரிக் கட்டணத் திட்டம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மனைவி ஹிலாரி பக்கம்தான், அவரும் எனக்காகப் பேசினார். கடைசியில் அந்த மனிதர், ட்ரம்ப் பேசும் விதம் தனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏதாவது ஒன்று உடைந்தால்தான் மாறும் என்றார். அதே வரிசையில் இன்னும் சில வீடுகளிலும் இதையேதான் கேட்டேன்.

மிச்சிகனை ட்ரம்ப் ஜெயித்தது 10,704 வாக்கு வித்தியாசத்தில். எங்கள் கவுண்டியில் மட்டும் அவர் 48,000-க்கு மேல் முன்னிலை. நாடு முழுக்க வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கணிப்பில், மாற்றத்தைக் கொண்டுவருபவர்தான் முக்கியம் என்று சொன்னவர்கள் 39 சதவீதம். அவர்களில் பத்தில் எட்டுப் பேர் ட்ரம்ப் பக்கம். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அந்த வீட்டுக்காரரை இனவெறியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தடவை ஒபாமாவை நம்பியவர் அவர்.

எடிசன், நியூ ஜெர்சி

தம்பி, உங்கள் உழைப்புக்கு மரியாதை. ஆனால் இங்கே எல்லாரும் ஹிலாரியை ஜெப் புஷ்ஷோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

ஜெப் பிறக்கும்போதே புஷ். தாத்தாவே செனட்டர். ஹிலாரி அப்படிப் பிறந்தவரா? சிகாகோவில் திரைச்சீலைத் துணி வியாபாரம் செய்தவரின் மகள். நியூயார்க்கில் இரண்டு தடவை செனட்டுக்கு நின்று ஜெயித்தார், நாலு வருடம் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அமெரிக்க அரசியலில் பெண்களுக்குக் குடும்ப வாசல் மட்டுமே திறந்திருந்த காலம் ரொம்ப நீளம். மெய்ன் மாநிலத்து மார்கரெட் சேஸ் ஸ்மித் 1940-இல் காங்கிரஸுக்குள் போனது, இறந்துபோன கணவரின் இடத்துக்கு. அப்படி நுழைந்தவர்தான் 1948-இல் தன் சொந்த பலத்தில் செனட்டுக்கு ஜெயித்தார், 1964-இல் அதிபர் வேட்பாளராகவும் முயன்றார். அவரை வாரிசு என்று தள்ளிவிட முடியுமா?

2016 தேர்தல் நாளில் என் மகளை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான அம்மா வெள்ளை உடையில் வந்திருந்தார், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களின் நிறம். தன் அம்மா பிறந்தபோது இந்த நாட்டின் பல மாநிலங்களில் பெண்களுக்கு வாக்கே கிடையாது என்று என் மகளிடம் சொன்னார். அந்த வரிசையில் ஹிலாரிதான் மாற்றம். நாடு முழுக்கப் பார்த்தால் அவர் வாங்கியது ட்ரம்பைவிட சுமார் 29 லட்சம் வாக்கு அதிகம். மக்கள் மாற்றம் கேட்டார்கள் என்று எழுதும்போது இந்த மக்களையும் சேர்த்து எழுதுங்கள்.

ஹூஸ்டன், டெக்சஸ்

சின்னதாக ஒன்று. 2018 டிசம்பரில் அப்பா புஷ்ஷின் உடலை ரயிலில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊருக்குக் கொண்டு போனார்கள். எஞ்சினுக்கு நீல வண்ணம், 4141 என்று எண், அவர் 41-வது அதிபர் என்பதற்காக. நாங்கள் குடும்பத்தோடு தண்டவாளம் ஓரம் போய் நின்றோம். மழைத் தூறலிலும் ஜனங்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அழுதார்.

2022 மே மாதம் பேரன் ஜார்ஜ் பி. புஷ் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவிக்கு ரிபப்ளிகன் பிரைமரியின் இரண்டாம் சுற்றில் நின்றபோது, அதே தெருக்காரர் எதிர்த்து நின்ற கென் பாக்ஸ்டனுக்குத்தான் போட்டார். பேரனுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்தப் பெரியவருக்கு மரியாதை செய்தேன். அதற்காகப் பேரனுக்கு வேலை போட்டுக் கொடுக்க முடியாது" என்றார்.

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

எடிசன் அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஹிலாரி உழைத்து வந்தவர். எங்கள் ஊரிலும் அவருக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்த பெண்கள் உண்டு. 2008-இல் இங்கே அவரை ஜெயிக்க வைத்ததே பெண்கள்தான். ஆனால் 2016 பிரைமரியில் பெண்களிடமும் சாண்டர்ஸ்தான் முந்தினார். அதில் பலருக்கு ஹிலாரிமேல் இன்றும் மதிப்பு உண்டு, என் மனைவியின் தோழிகள் இரண்டு பேர் உட்பட. அவர்களை உறுத்தியது, ஒரு வாக்குகூட விழுமுன்பே கட்சியின் சூப்பர் டெலிகேட்கள் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் வாக்களித்த கட்சித் தலைவர்கள்) சில நூறு பேர் ஹிலாரிக்கு ஆதரவு சொல்லிவிட்டது.

எங்கள் பிரைமரி முடிந்த அந்த வாரம் இதைச் சுற்றி நடந்த சண்டையை மறக்க முடியாது. 60-க்கு 38 என்று மக்கள் தீர்ப்பு. அதன்படி கட்சி மாநாட்டுக்கு சாண்டர்ஸுக்கு 15 பிரதிநிதிகள், ஹிலாரிக்கு 9. ஆனால் மாநிலத்தின் சூப்பர் டெலிகேட்களில் ஆறு பேர் ஏற்கெனவே ஹிலாரி பக்கம் என்பதால் செய்தியில் 15-க்கு 15 என்று காட்டினார்கள். அவர்கள் பிறகு மனம் மாறலாம், அது இறுதிக் கணக்கும் இல்லை. ஆனால் சாண்டர்ஸுக்குப் போட்ட பிள்ளைகளிடம் அதை விளக்கப் போனால் யார் கேட்பார்கள்? எங்கள் தெருவில் முதல்முறை வாக்களித்த ஒரு பையன் அந்தத் தொலைக்காட்சிப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டினான். நவம்பரில் அவன் வாக்களிக்கவே போகவில்லை.

கட்சிக்கும் புரிந்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் விதியை மாற்றினார்கள். போட்டி இருக்கும்போது மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்களுக்கு வாக்கு இல்லை. சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் இரண்டு வருடம் கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து வாதாடிப் பெற்றது அது. 2020 பிரைமரி அந்த விதியின் கீழேதான் நடந்தது, அந்தப் பையன் அதில் வாக்களித்தான்.