கலைச்சொல் வேண்டும்: ‘புட்-ஆர்-பே’ (திங்களன்று அச்சுக்குப் போகிறது)

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:

அனைவருக்கும் வணக்கம். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் பற்றி நகராட்சி உறுப்பினர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் செய்கிறேன். ஒரு ஷரத்தில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘புட்-ஆர்-பே’ (put or pay) என்பார்கள். ஆண்டுக்கு இத்தனை டன் குப்பை தருவதாக ஊர் ஒப்புக்கொள்கிறது. தராமல் போனாலும் அத்தனை டன்னுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். கையேட்டில் நியூயார்க் மாநிலத்துக் கிளார்க்ஸ்டவுன் வழக்கு வருகிறது. அது எரியாலை இல்லை, குப்பையைப் பிரித்து அனுப்பும் நிலையம். ஆனால் ஷரத்து இதேதான். ஆண்டுக்கு 1,20,000 டன், டன்னுக்கு 81 டாலர், குறைந்தால் ஊர் ஈடுகட்டும். அந்த அளவை எட்டுவதற்காக, குப்பை எல்லாம் அங்கேதான் போக வேண்டும் என்று ஊர் சட்டமே போட்டது. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

இப்போதைக்கு ‘கொடு அல்லது செலுத்து’ என்று போட்டிருக்கிறேன். படிக்கவே கூசுகிறது.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பாதிரிப்புலியூர்:

கூசத்தான் வேண்டும் அம்மா. இரண்டு ஏவல் வினையை ‘அல்லது’ போட்டு ஒட்டினால் பெயர்ச்சொல் ஆகிவிடுமா? அதன்மேல் வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள், தெரியும். ‘குறைநிரப்புக் கடப்பாடு’ என்று வையுங்கள்.

பொறியாளர், உழவர்கரை:

ஐயா, ‘குறைநிரப்பு’ என்றால் எங்கள் மேற்பார்வையாளர் கிடைத்ததையெல்லாம் போட்டு லாரியை நிரப்பிவிடுவார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இந்த ஷரத்தின் ஆபத்தே அதுதான். அட்டையும் பிளாஸ்டிக்கும் காயலான் கடைக்குப் போனால் ஆலைக்கு எடை குறைகிறது, வெப்பமும் குறைகிறது. ஈரக்குப்பை உரக்கிடங்குக்குப் போனால் எடை குறைகிறது, ஆனால் மிச்சம் நன்றாக எரிகிறது. எடையை மட்டும் பார்க்கும் ஒப்பந்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஊர் எந்தக் குப்பையைப் பிரித்தாலும் அதற்கு ‘பற்றாக்குறை’தான். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில், மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரும் கழிவைத்தான் எரிசக்திக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அளவுக்கு ஒரு சொல், வெப்பத்துக்கு ஒரு சொல், இரண்டும் வேண்டும்.

வழக்கறிஞர், கடலூர்:

வெப்பத்தை அப்புறம் பார்ப்போம். நம் நிலத்திலேயே சொல் இருக்கிறது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகை என்றால் விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். புட்-ஆர்-பேயும் அதுதானே? பழைய நில ஆவணங்களில் ‘கட்டுக்குத்தகை’ என்றே உண்டு. அதை எடுத்துக்கொள்வோம்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பாதிரிப்புலியூர்:

நல்ல சொல். நடுவில் வரும் ‘க்’ என்ற ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். ‘கட்டு’ இங்கே வினையாக நின்றால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. மிகுந்திருப்பதால் அது பெயர், வன்தொடர்க் குற்றியலுகரம்.

இன்னொன்று. ‘குப்பை’க்குப் பழைய பொருள் குவியல்தான். சிவகங்கைப் பக்கத்து நெற்குப்பையில் நாறுவது எதுவும் இல்லை. வீடுகள் குவிந்தது குப்பம், நம் மஞ்சக்குப்பமும் அப்படியே என்பது என் துணிபு. எனவே கையேட்டில் ‘கழிவு’ என்றே எழுதுங்கள்.

பொறியாளர், உழவர்கரை:

ஐயா, கலெக்டர் ஆபீஸ் இருந்த ஊரைக் குவியல் ஆக்கிவிட்டீர்கள்.

கல்லூரி ஆசிரியை, வில்லியனூர்:

மஞ்சக்குப்பத்தை விட்டுவிடுவோமே. எனக்குக் ‘குத்தகை’யில் இரண்டு தடை. உறுப்பினர்களுக்குக் குத்தகை என்றால் சந்தைக் குத்தகை, கடைக் குத்தகை. நகராட்சிக்குப் பணம் வரும் வழி அது; இதில் பணம் போகிறது. இரண்டாவது, குத்தகைக்காரனுக்கு நிலமாவது கையில் இருக்கிறது. இங்கே ஊர் குப்பையும் கொடுத்துக் காசும் கொடுக்கிறது. மாணவர்களுக்கு நான் ‘குறைந்தபட்சக் குப்பை உறுதி’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

வழக்கறிஞர், கடலூர்:

கேட்காததுதான் பிரச்சினை. ‘உறுதி’ என்றதும் ஆலைக்காரர் நமக்கு ஏதோ உத்தரவாதம் தருவதுபோல் தொனிக்கிறது. கையெழுத்துப் போடும் உறுப்பினருக்கு அபராதம் கண்ணில் படவே படாது. தூய தமிழா இல்லையா என்பது எனக்கு முக்கியம் இல்லை. பணம் யார் பையிலிருந்து போகிறது என்று சொல் காட்ட வேண்டும்.

கல்லூரி ஆசிரியை, வில்லியனூர்:

அப்படியானால் ‘தராக் குப்பைக் கட்டணம்’?

தமிழாசிரியர் (ஓய்வு), திருப்பாதிரிப்புலியூர்:

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் சரி. வாயில் நுழையவில்லை.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. இருப்பதில் கேட்டதும் புரிவது ‘குறைந்தபட்சக் குப்பை உறுதி’. தலைப்பில் அதைப் போடுகிறேன். விளக்கத்தில் முதல் வரியே ‘தராத குப்பைக்கும் நகராட்சி பணம் கட்டும்’ என்று இருக்கும். வெப்பத்துக்கு ‘எரிதிறன்’ என்று வைத்துவிட்டேன், ஆட்சேபம் இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

வழக்கறிஞர், கடலூர்:

இருக்கிறது. தலைப்பில்தான். அடுத்த பதிப்புக்குக் கட்டுக்குத்தகையை மறுபடியும் கொண்டுவருவேன்.