கலைச்சொல்: சரவுண்டு சவுண்டு – சூழொலியா, சுற்றொலியா? ‘பேக் ஸ்பீக்கரை’ என்ன செய்வது?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுத் திரையரங்கு அமைப்பதற்கான கையேட்டுச் சொற்பட்டியலில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ‘சரவுண்டு சவுண்டு’, அதாவது கேட்பவரை எல்லாப் பக்கமும் சூழ்ந்து வரும் ஒலி. இதுவரை வந்தவை மூன்று: சுற்றொலி, சூழலொலி, சூழொலி. என் தெரிவு சூழொலி.

சுற்றொலி என்றதும் ஒலி சுற்றுவதாகத்தான் மனத்தில் படும். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வட்டமிட்டால் அது பொருந்தும். நாலு பக்கமும் மழை கொட்டும்போது எதுவும் சுற்றுவதில்லை. சூழலொலியை வேறொன்றுக்காக விட்டுவைக்க வேண்டும். டீக்கடை இரைச்சல், ரயிலடிச் சத்தம் என்று காட்சிக்கு அடியில் ஓடுகிறதே, ஒலிப்பதிவாளர்கள் ஆம்பியன்ஸ் என்பார்கள், அதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. அது ஒற்றை ஸ்பீக்கரிலும் வரும். நம்மைச் சூழ வேண்டிய கட்டாயம் அதற்கில்லை.

சூழொலி வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல முக்காலமும் அடங்கும். சொல்லவும் எளிது.

அடுத்த சிக்கல்: ஆங்கிலத்தில் மொத்த அமைப்புக்கும், அதில் முன் ஜோடியைத் தவிர்த்த இன்னொரு ஜோடி ஸ்பீக்கருக்கும் ‘சரவுண்டு’ என்று ஒரே பெயர். கடைகளில் அந்த ஜோடியை ‘பேக் ஸ்பீக்கர்’ என்கிறார்கள். அதை ஒட்டிப் பட்டியலில் ‘பின்னொலிபெருக்கி’ என்று இருக்கிறது. இருக்கட்டுமா?

—

> பின்னொலிபெருக்கி

வேண்டாம். சொல்லில் பிழையில்லை, அது காட்டுகிற இடம் பிழை.

5.1 அமைப்பில் (ஐந்து முழு ஒலித்தடங்கள், பேஸுக்கு மட்டும் ஒரு தடம்) அந்த ஜோடியின் இடம் பின்சுவர் அல்ல. திரையை நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு நுனி சுழியம் பாகை என்றால், முன் ஜோடி இருபுறமும் 30 பாகையில், இந்த ஜோடி 100 முதல் 120 பாகைக்குள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 பரிந்துரை சொல்வது இதைத்தான். காதுக்கு நேர்ப்பக்கம் 90 பாகை. அதிலிருந்து கொஞ்சம் பின்னால், அவ்வளவுதான்.

பத்தடி அகல அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கச்சுவர் ஐந்தடி தூரம். 110 பாகை என்பது அந்தச் சுவரில் காதுக்கு நேரான புள்ளியிலிருந்து ஒன்றே முக்கால் அடி பின்னே விழும். உயரம், உட்கார்ந்த நிலையில் காதுக்கு மேல் ஓரடி, இரண்டடி. அதே அறையில் முன் ஜோடிக்கு எட்டடி இடைவெளி விட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஏழடி தள்ளி உட்கார்ந்தால் 30 பாகை சரியாக அமையும்.

‘பேக்’ என்ற பெயரை நம்பிப் பின்சுவரின் இரண்டு மூலையில், கூரையை ஒட்டி மாட்டினால் என்ன ஆகும்? முன் இடப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் ஓட வேண்டிய கார் நடுவில் காணாமல் போய்ப் பிடரிக்குப் பின்னே முளைக்கும். பக்கத்தில் பெரிய ஓட்டை விழுந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த ஓட்டை அடையாது.

இன்னொன்று. இன்னும் ஒரு ஜோடி கூடுகிற 7.1 அமைப்பில் உண்மையான பின் ஜோடி தனியாக உண்டு, 135 முதல் 150 பாகைக்குள். ‘பின்’ என்பதை இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வது?

என் பரிந்துரை: தோளொலிபெருக்கி. தோளைத் தாண்டிச் சற்றுப் பின்னே என்று சொல்லே இடத்தைக் காட்டிவிடும். ஒலித்தடங்களைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ரிசீவரின் திரையில் இடம் போதாது என்றால் ‘தோள் இடம்’, ‘தோள் வலம்’ போதும்.

சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும் வீடுகளே அதிகம் என்பதால் ஒரு குறிப்பு: சோபாவை ஓரடியாவது முன்னே இழுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் தோள் ஜோடியைப் பக்கச்சுவரில் காதுக்கு நேராகவே மாட்டலாம். பின்மூலையைவிட அது மேல்.

—

தோள் மிகப் பொருத்தம், ஏற்கிறேன். ஆனால் ஒட்டியிருக்கும் ‘ஒலிபெருக்கி’ உறுத்துகிறது. ஒலியைப் பெருக்குவது ஆம்பிளிஃபையர் அல்லவா? ஸ்பீக்கர் மின்குறிகையை ஒலியாக்குகிறது; பெருக்குவதில்லை. ‘ஒலிப்பான்’ என்று மாற்றலாமே?

ஆழமான பேஸை மட்டும் ஒலிக்கும் சப்-ஊஃபருக்கும் சொல் வேண்டும். பண்டைத் தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்கள் (சுருதி மண்டலங்கள்) உண்டு. மெலிவுதான் கீழ்த்தானம். ‘மெலிவொலி’ எனலாமா? இல்லையென்றால் தாழொலி?

—

> ஒலிப்பான் என்று மாற்றலாமே

பேருந்தின் ஹாரனுக்கு ஒலிப்பான் நிலைத்துவிட்டது. காற்று ஒலிப்பான் என்று செய்தித்தாள்களில் வருகிறது. ‘தோள் ஒலிப்பான்’ என்றால் வேறு பொருள் வரும். ஒலிபெருக்கியின் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஊர்த் திருவிழாக் கூம்பு முதல் இன்றுவரை மக்கள் அதைத்தான் ஸ்பீக்கருக்குச் சொல்கிறார்கள். அதைப் பிடுங்க வேண்டாம். ஆம்பிளிஃபையரைப் ‘பெருக்கி’ என்று மட்டும் சொன்னால் குழப்பம் தீர்ந்தது.

> மெலிவொலி… தாழொலி

மெலிவு அழகான சொல். ஆனால் இன்றைய வாசகருக்கு மெலிவு என்றால் இளைப்பு. நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் கருவிக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் யாருக்கும் புரியாது. தாழொலியிலும் இதே சிக்கல்: தாழ்ந்த குரலில் பேசு என்றால் மெதுவாகப் பேசு என்றுதான் பொருள். அளவும் சுருதியும் கலந்துவிடும்.

அடியொலிபெருக்கி என்கிறேன். அடிக்குரல், அடித்தொண்டை, அடிவயிறு – இந்த ‘அடி’ எங்கிருந்து எழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் .1 என்பது வேறு, அடியொலிபெருக்கி வேறு. இதைப் பிரித்தே தீர வேண்டும். .1 என்பது படத்தோடு வருகிற ஒரு தடம். 120 ஹெர்ட்சுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. அதற்கு ‘அதிர்தடம்’ என்று வைக்கலாம். அடியொலிபெருக்கி ஒரு கருவி. அதிர்தடத்தோடு, மற்ற ஐந்து ஒலிபெருக்கிகளாலும் தாங்க முடியாத அடிப்பகுதியும் அதற்குத்தான் வந்து சேர்கிறது. அதிர்தடத்தை மற்றவற்றைவிட 10 டெசிபல் கூட்டி ஒலிக்க வேண்டும் என்பது விதி. ரிசீவரே அதைப் பார்த்துக்கொள்ளும். கையால் இன்னொரு முறை கூட்டினால் வீடே உறுமும், வசனம் கேட்காது.

இந்த அடிப்பகுதியைத் திருப்பிவிடும் வேலைக்கு ‘கிராஸ்ஓவர்’ என்பார்கள். குறுக்குவழி, குறுக்கீடு என்றெல்லாம் பட்டியலில் பார்த்தேன். எதுவும் வேலையைச் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீரை வேறு வயலுக்குத் திருப்புவதை மடைமாற்றுவது என்கிறோம். இங்கேயும் அதேதான் நடக்கிறது: 80 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளது அடியொலிபெருக்கிக்கு, மேலே உள்ளது அந்தந்த ஒலிபெருக்கிக்கு. ஆக, மடைமாற்று, திருப்புகிற புள்ளி மடைவெண்.

பெரும்பாலான அறைகளுக்கு மடைவெண் 80 போதும். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிரிக்காது. அடியொலிபெருக்கியை எங்கே வைத்தாலும் தனியாகத் தெரியாது. மூன்று அங்குலக் கூம்பு வைத்த சின்னப் பெட்டிகளுக்கு 80 தாங்காது. 120 முதல் 150 வரை ஏற்ற வேண்டும். அப்போது திசை தெரிய ஆரம்பிக்கும். எனவே அடியொலிபெருக்கியை முன் ஜோடிக்கு இடையிலோ அருகிலோ வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு இரட்டை மடை. அடியொலிபெருக்கியின் முதுகிலும் ஒரு மடைவெண் குமிழ் இருக்கும். அது 60-இல் நிற்க, ரிசீவரில் 80 வைத்தால், இரண்டுக்கும் இடைப்பட்டது எந்தப் பெட்டியிலும் முழுதாக வராது. தவிலின் தொப்பிப் பக்கம் உள்ளீடற்றுக் கேட்கும். குமிழை எல்லை வரை வலப்பக்கம் திருப்பிவிட்டு, திருப்பும் வேலையை ரிசீவரிடம் விடுங்கள்.

—

> மடைமாற்று, மடைவெண்

கைதட்டல். இதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

அடியொலிபெருக்கியின் இடம் தேடும் முறைக்கும் ஒரு சொல் தருகிறேன்: தவழ்தேடல். பெட்டியைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் சீராக நடக்கும் பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். சில இடத்தில் குமுறும், சில இடத்தில் வற்றிவிடும். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் கேட்கிற இடத்தில் பெட்டியை வைத்து, நீங்கள் இருக்கைக்குத் திரும்புங்கள். பதினைந்தடி நீள அறையில் 37, 38 ஹெர்ட்சு பக்கம் ஒரு குமுறல் வந்தே தீரும். அது அறையின் நீளம் செய்யும் வேலை, பெட்டியின் குற்றமல்ல. மூலையில் வைத்தால் அந்தக் குமுறல் உச்சத்துக்குப் போகும்.

கம்பிக்குப் புதுச்சொல் தேவையில்லை. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பத்து மீட்டர் ஓட்டத்துக்குப் போய்வர ஏறத்தாழ 0.23 ஓம் தடை. 8 ஓம் பெட்டிக்குத் தாராளம். 4 ஓம் என்றால் இரண்டரைக்குப் போங்கள். சிவப்பு முனை சிவப்புக்கே போக வேண்டும். முன் ஜோடியில் ஒன்று மட்டும் மாறினால் பேஸ் கரைந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் அறை முழுக்கச் சிதறும். இந்தக் கோளாறுக்கு ‘முனைமாற்றம்’ என்று பட்டியலில் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மோஸ் வகையில் கூரையில் மாட்டும் ஜோடி, 5.1.2-இல் கடைசி எண். ‘கூரையொலிபெருக்கி’ என்றால் கூரையை நோக்கி ஒலியெறிந்து எதிரொலிக்க வைக்கும் பெட்டியையும் குறிக்குமா? அதற்குத் தனிச்சொல் இருப்பவர்கள் எழுதுங்கள்.