ஆச்சியின் பின்கொசுவச் சேலையில் இரண்டு முழம் குறைகிறது

கேள்வி – கல்லிடைப் பேத்தி:

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது, அரங்கில் (சாமான் வைக்கும் உள்ளறையில்) இருந்த டிரங்குப் பெட்டியின் அடியில் ஆச்சியின் கல்யாணப் பட்டுச் சேலை கிடைத்தது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. ஆச்சி கடைசி வரை பின்கொசுவம் (கொசுவ மடிப்பைப் பின்புறம் விடும் கட்டு) வைத்தே உடுத்தியவர் என்பதால் அது 18 முழச் சேலை என்று அம்மா சொல்கிறார். அளந்தால் 16 முழம்தான் வருகிறது. உள்தலைப்பில் சிவப்பு நூலால் கையால் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறது. தையல் ஒரு முனையில் நெருக்கமாகத் தொடங்கி, போகப் போகக் கோணலாகி அகன்றுவிடுகிறது. சரிகை கறுத்துப் போனதால் எடைக்குக் கொடுத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு முழம் எங்கே போயிருக்கும்?

பதில் – வீரவநல்லூர் தறிக்காரர் மகன்:

தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அந்தக் காலத்துச் சரிகையில் பட்டு இழையின் மேல் வெள்ளியிழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். முலாம் தேய்ந்தால் வெள்ளி கறுக்கும், அது போலிக்கு அடையாளம் அன்று. வாங்குபவர்கள் சேலையை எரித்து வெள்ளியை உருக்கி எடுப்பதற்காகவே எடை கேட்கிறார்கள். தறியிலிருந்து அறுத்த முனையில் நெய்யாத பாவு நூல் (நீளவாட்டு இழை) சிறிது தொங்கும். நெசவுக்கு நடுவே வெட்டு விழுந்திருந்தால் அது வீட்டில் வெட்டியதுதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ச் செடிபுட்டாச் சேலை வேறு வகை, அதில் செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்திருக்கும். உங்களுடையது அதற்கு முந்திய காலத்து முழுப்பட்டு என்றே தோன்றுகிறது.

பதில் – அம்பை அம்மா:

எங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. ஆச்சிமார் ரவிக்கை போடாமலே இருந்து, மகள்கள் போடத் தொடங்கிய காலத்தில், தனியாகத் துணி எடுக்க வழியில்லாதவர்கள் தம் சேலையின் உள்தலைப்பில்தான் கத்தரி வைத்தார்கள். இடுப்பில் செருகும் பக்கம் என்பதால் குறை வெளியே தெரியாது. உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் கேளுங்கள், மகளே. சேலையைப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் பட்டு மடிப்பிலேயே இற்றுவிடும்.

மீண்டும் – கல்லிடைப் பேத்தி:

இருவருக்கும் நன்றி. பாளையங்கோட்டையில் இருக்கும் பெரிய அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். தாத்தா கொழும்பில் கடையில் இருந்த காலம் அது. அந்த வருஷம் பணம் வரவில்லையாம். அத்தையை விடுதியில் சேர்க்கும் நாள் நெருங்கியும் நல்ல ரவிக்கை ஒன்றுகூட இல்லாததால், ஆச்சி யாரையும் கேட்காமல் இந்தச் சேலையை விரித்து இரண்டு முழம் வெட்டிக்கொடுத்திருக்கிறார். தான் ஒரு நாளும் ரவிக்கை போடாத ஆச்சி, மகளுக்கு இரண்டு தைக்க வைத்தார்; அத்தைக்குச் சிறிதானதும் அவை சின்ன அத்தைக்குப் போய்க் கிழிந்தன. சிவப்புத் தையலைப் பற்றிச் சொன்னதும் அத்தை சிறிது நேரம் பேசவில்லை. வெட்டிய முனை பிரியாமல் இருக்க ஓரம் தைக்கச் சொல்லி ஆச்சி ஊசியைக் கொடுத்தது பதினொரு வயதுப் பிள்ளையாக இருந்த அத்தையிடம். இருட்டி வந்ததால் கடைசியில் தையல் கோணிவிட்டதாம். அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் வேட்டியில் சுற்றி எடுத்துப் போகிறேன்.