கேம்பஸில் வலிய வந்து பழகும் சர்ச் குழுக்கள்: போகலாமா, வேண்டாமா?

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த முதல் வாரமே இந்தச் சர்ச் குழுக்களைச் சந்தித்துவிடுவீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து காசு வாங்காமல் அழைத்து வருவார்கள், பழைய மேசை நாற்காலி தருவார்கள், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நிஜமாகவே நல்லவர்களா, இல்லை மதம் மாற்றப் பார்க்கிறார்களா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் இரண்டும்தான்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே நடக்கும் கிறிஸ்தவ ஊழியம் பழைய சங்கதி. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ் என்ற அமைப்பு 1953-இல் தொடங்கியது. பிரிட்டனில் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் இருக்கிறது. ‘க்ரூ’ என்ற பேனரைப் பார்த்தால், அது 1951-இல் தொடங்கிய கேம்பஸ் க்ரூசேட் ஃபார் கிறைஸ்ட்தான். அமெரிக்காவில் 2011-இல் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். மிஷனரிகள் லேசில் நுழைய முடியாத நாடுகளிலிருந்தும் மாணவர்கள் தாங்களாகவே வந்து இறங்குகிறார்கள், நாளை ஊர் திரும்பிப் பொறுப்பான இடங்களில் உட்காருவார்கள் என்பது இவர்கள் கணக்கு. இதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தாராளமாகப் போங்கள். ஆங்கிலப் பேச்சு வகுப்பு என்பார்கள். கொஞ்ச நேரம் பொதுவான அரட்டை. அப்புறம் லூக்கா சுவிசேஷத்திலிருந்து ஒரு பக்கம் கைக்கு வரும். ஆளுக்கு இரண்டு வரி வாசித்ததும், “இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நினைத்ததைச் சொல்லலாம், மறுத்தும் பேசலாம். கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா கோர்ஸும் ஏறக்குறைய இதே பாணிதான்: சாப்பாடு, ஒரு பேச்சு, பிறகு சிறு குழுவில் கலந்துரையாடல்.

ஆர்வமில்லை என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். “உங்களோடு பழகப் பிடித்திருக்கிறது, பைபிள் ஸ்டடிக்கு மட்டும் வரமாட்டேன்” என்றால் போதும். தயவுதாட்சண்யம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தால், மனம் திறக்கிறது என்று அவர்கள் உண்மையாகவே நம்புவார்கள். அது அவர்களுக்கும் நியாயமில்லை. சொன்ன பிறகும் சாப்பிடக் கூப்பிடுபவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் படுத்தால் வந்து பார்ப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

தள்ளி நிற்க வேண்டியது வேறு வகையிடம். எந்தச் சபை என்று கேட்டால் மழுப்புவார்கள், வாரத்தில் பல நாள் வகுப்பு வைப்பார்கள், வீட்டில் சொல்லாதே என்பார்கள், ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துவார்கள். தென்கொரியாவில் 1984-இல் தொடங்கிய ஷின்சொன்ஜி என்ற மதக் குழு, தன் பெயரை மறைத்தே பைபிள் வகுப்புக்கு ஆள் சேர்க்கிறது என்ற புகார் பல நாடுகளில் உண்டு. சந்தேகமாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் சாப்ளின் (மாணவர்களுக்கான சமய ஆலோசகர்) அலுவலகத்திலோ மாணவர் சங்கத்திலோ விசாரியுங்கள். பதிவான குழுவா என்று சொல்லிவிடுவார்கள். சாப்ளினிடம் பேச நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே கிறிஸ்தவராக இருப்பவர்களுக்கு நல்ல சபை தேட இவர்களே குறுக்குவழி. ஆனால் கத்தோலிக்கர்கள் கவனிக்கவும்: இந்தக் குழுக்களில் பெரும்பாலானவை புராட்டஸ்டன்ட் சார்ந்தவை; திருப்பலிக்குத் தனியாக விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. முதல் வார ஸ்டாலில் நீட்டும் படிவத்தில் ‘மேலும் அறிய விருப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கலாம். டீ கொடுத்தார்களே என்று அதில் டிக் அடிக்க வேண்டாம். ஈமெயில் மட்டும் எழுதுங்கள். போன் நம்பரைப் பழகிய பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.