காரைக்குடியில இருந்து டேட்டிங் ஆப், மேட்ரிமோனி ரெண்டுலயும் தேடுறேன்: சில சந்தேகங்கள், உதவி வேணும்

செக்காலை ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 34. விவாகரத்து ஆகி சில வருஷம் ஆச்சு. காரைக்குடியிலதான் வேலை, ஆத்தாகூட இருக்கேன். மறுபடி ஒரு துணை வேணும்னு நானே முடிவு பண்ணி, ஆத்தாகிட்டயும் சொல்லிட்டுத்தான் தேட ஆரம்பிச்சேன். தரகர் வழியா போனா ஐம்பது வயசுக்காரரைத்தான் கொண்டு வர்றாங்க, "ரெண்டாந்தாரத்துக்கு இதுவே பெருசு"ன்னு வேற சொல்றாங்க. எனக்குப் பேசிப் பழகிப் பார்க்கணும், புடிச்சா கல்யாணம் பண்ணணும்.

டேட்டிங் ஆப்ல கொஞ்சம் பேர் வர்றாங்க, அப்புறம் "உங்க பக்கத்துல யாரும் இல்லை"ன்னு நின்னுடுது. மேட்ரிமோனி தளத்துல பதிஞ்சதும் யார் யாரோ நேரா போன் பண்றாங்க. ரெண்டுலயும் சொந்தக்காரங்க கண்ணுல என் போட்டோ பட்டுடுமோன்னு பயம்.

இன்னொண்ணு. சிங்கப்பூர்ல ஷிப்யார்டு இன்ஜினியர்னு ஒருத்தர், நகரத்தார்னு சொல்றார், ரொம்ப மரியாதையா பேசுறார். சீக்கிரமே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். வீடியோ கால் மட்டும் வேணாம்கிறார், தங்குற இடத்துல கேமராவுக்குத் தடையாம். இப்போ ஒரு டிரேடிங் ஆப்பைச் சொல்லி "நம்ம வருங்காலத்துக்கு"ன்னு பணம் போடச் சொல்றார். இன்னும் போடல. ஆனா மனசு அவர் பக்கம் சாயுது, அதான் கேக்குறேன்.

திருச்சிவாசி:
அக்கா, பணம் போடாதீங்க. அதைப் பத்தி மத்தவங்க விரிவா சொல்வாங்க, நான் ஆப் விஷயத்துக்கு வர்றேன்.

டிண்டர், பம்பிள் மாதிரி ஆப்கள் நீங்க இருக்குற இடத்தை வச்சுத்தான் ஆளைக் காட்டும். 30, 40 கி.மீ.ன்னு வச்சா திருப்பத்தூர், தேவகோட்டை, புதுக்கோட்டையோட முடிஞ்சிடும், அங்கெல்லாம் இந்த ஆப்ல இருக்கவங்க குறைவு. உங்க ஊர்ல இருந்து திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய 90 கி.மீ.தான். தூரத்தை 100க்கு மேல வையுங்க, ரெண்டு ஊரும் உள்ள வந்துடும். டிண்டர்ல 160 கி.மீ. வரைக்கும் வைக்கலாம். வயசு வரம்பையும் கொஞ்சம் தளர்த்துங்க. வேற ஊரை வச்சுத் தேடுற வசதிக்குக் காசு கேப்பாங்க. சென்னை, கோவைக்கு மாறிப் போகத் தயார்னா மட்டும் அதை வாங்குங்க.

ஆனா கல்யாணம்தான் நோக்கம்னா மேட்ரிமோனியை முதலாவதா வச்சுக்குங்க. அங்க "விவாகரத்தானவர்"னு தனியா தேடலாம், வர்றவங்களும் அதைத் தெரிஞ்சுதான் வருவாங்க. டேட்டிங் ஆப்ல அதை நாமளே எடுத்துச் சொல்லணும். சுயவிவரத்துலயே ஒரு வரி எழுதிடுங்க, விலகுறவங்க அங்கேயே விலகட்டும். நான் அப்படித்தான் செஞ்சேன். பேச வந்தவங்க குறைஞ்சாங்க, வந்தவங்க உருப்படியா பேசினாங்க.

கல்லல் தம்பி:
செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், அதனால போன் பக்கத்தைச் சொல்றேன்.

சொந்தக்காரங்க பார்வைக்கு: டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் மூணுலயும் காண்டாக்ட்ல உள்ளவங்களைத் தடுக்குற வசதி இருக்கு. சித்தப்பா, பங்காளி, ஆபீஸ்காரங்க நம்பரையெல்லாம் தேர்ந்தெடுத்துத் தடுத்துட்டா அவங்களுக்கு நீங்க வர மாட்டீங்க, உங்களுக்கும் அவங்க வர மாட்டாங்க. அவங்க வேற நம்பர்ல கணக்கு வச்சிருந்தா இது பிடிக்காது, அதையும் தெரிஞ்சுக்குங்க. மேட்ரிமோனியில போட்டோவையும் நம்பரையும் "நான் சம்மதிச்சவங்களுக்கு மட்டும்"னு மாத்துங்க. இதுக்குன்னு தனியா ஒரு சிம் வாங்கிடுங்க. வாட்ஸ்அப் முகப்புப் படத்தையும் காண்டாக்டுக்கு மட்டும்னு வச்சுடுங்க.

போட்டோல வீட்டு வாசல், வண்டி நம்பர், ஆபீஸ் அடையாள அட்டை எதுவும் தெரியக் கூடாது. நம்ம ஊர்ல வீட்டு முகப்பைப் பார்த்தே இது எந்தத் தெரு, யார் வீடுன்னு சொல்லிடுவாங்க. பேஸ்புக்ல ஏற்கெனவே போட்ட படத்தையும் போடாதீங்க, கூகுள் லென்ஸ்ல தேடினா உங்க பக்கம் வந்து நிக்கும். அதே லென்ஸ்ல அந்தச் சிங்கப்பூர்க்காரர் படத்தையும் தேடிப் பாருங்க. ஒண்ணும் வரலைன்னா அவர் நிஜம்னு அர்த்தமில்லை. வேற பேர்ல வந்தா பொய்னு உறுதி.

ஆப்பை போன்ல இருந்து அழிச்சா கணக்கு அழியாது, உங்க படம் அங்கேயேதான் இருக்கும். உள்ள போய் கணக்கை நீக்கிட்டு அப்புறம்தான் ஆப்பை எடுக்கணும். மாசச் சந்தாவும் அப்படித்தான். பிளே ஸ்டோர்ல சந்தாவை நிறுத்தணும், யு.பி.ஐ. ஆப்ல ஆட்டோபே (தானா காசு எடுக்குற அனுமதி) இருக்கான்னும் பார்க்கணும். மாசாமாசம் காசு போகுதேன்னு கடைக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் இதைத்தான் விட்டிருப்பாங்க.

கோட்டையூர் ஆச்சி:
தங்கச்சி, நீ தேடுறதுல ஒரு குத்தமும் இல்ல, மொதல்ல அதை மனசுல வையி.

நம்ம பக்கத்துல வெளிநாட்டு வரன்னா சட்டுன்னு நம்புறோம். பர்மா, மலேயா, இலங்கைன்னு கொண்டுவிக்க, அதான் வட்டி வியாபாரம் பண்ண, போன வீடுகள் நம்ம வீடுகள். ஆனா அன்னைக்குக் கடல் தாண்டிப் போனவருக்கு ஊர்ல ஒரு வீடு, கோவில்ல ஒரு புள்ளி (குடும்பப் பதிவு), விசாரிச்சா சொல்ல நாலு பங்காளி இருந்தாங்க. இவருக்கு யார் இருக்கான்னு பாரு. நகரத்தார்னு சொல்றார்ல, எந்த ஊர், எந்தக் கோவில், வீட்டு விலாசம் என்னன்னு கேளு. நகரத்தாருக்குன்னு உள்ள ஒம்பது குலக் கோவில் பேரை நெட்ல பார்த்து யாரும் சொல்லிடலாம். இளையாத்தங்குடின்னா ஏழு பிரிவு, மாத்தூர்னாலும் ஏழு. எந்தப் பிரிவுன்னு கேளு. வெளியூர்ல வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாமப் போகலாம், அதுல தப்பில்ல. உண்மையான பையன்னா வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுவான். ஊர்ல இருக்குற ஒரு பெரியவங்ககிட்ட உன்னைப் பேச வைப்பான். அதுக்குத் தயங்குனா விட்டுடு.

செக்காலை ரோடு:
ஆச்சி, கேட்டேன். இளையாத்தங்குடின்னார். பிரிவு கேட்டதும் ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் "என்னைச் சந்தேகப்படுறியா, இவ்வளவுதான் உன் அன்பா"ன்னு கோவம். ஊர்ல யார்கிட்டயாவது பேசலாமான்னா, "சர்ப்ரைஸா நேர்ல வர்றேன்"னு சொல்லிட்டு, கையோட அந்த டிரேடிங் ஆப் லிங்க்கை மறுபடி அனுப்புறார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

தேவகோட்டை வழக்கறிஞர்:
கஷ்டமாகத்தான் இருக்கும் அம்மா. இப்படிப் பேசிப் பழகி நம்ப வைப்பதுதான் இவர்கள் தொழிலே. அந்த ஆப்பில் முதலில் லாபம் வருவதுபோல் காட்டுவார்கள், சிறு தொகையைத் திருப்பியும் தருவார்கள். பெரிய தொகை போட்ட பிறகு எடுக்க முடியாது, "வரி கட்டினால்தான் வரும்" என்பார்கள். பரிசுப் பார்சல் ஏர்போர்ட் கஸ்டம்ஸில் நிற்கிறது என்று வரும் போனும் இதே வகைதான்.

பிளாக் செய்வதற்கு முன் உரையாடல், எண், லிங்க், அவர் சுயவிவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்தத் தளத்திலும் புகார் கொடுங்கள். பணம் போகாவிட்டாலும் சைபர் கிரைம் தேசிய இணையதளத்தில் பதியலாம். யாருக்காவது பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கிக் கணக்கில் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் குற்றம், 3 ஆண்டு வரை சிறை.

அடுத்து வருபவர்களுக்காக ஒன்று. மேட்ரிமோனியில் "விவாகரத்துக்குக் காத்திருப்பவர்" என்று ஒரு வகை இருக்கும். அவர்களை நன்கு விசாரியுங்கள். தீர்ப்பு வராமல் மறுமணம் செல்லாது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 82ஆம் பிரிவில் குற்றமும்கூட. தீர்ப்பு வந்தாலும் இந்து திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு, அது முடிய வேண்டும். வாய்ச்சொல் போதாது, டிக்ரி (நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பாணை) நகலைப் பாருங்கள்.

செக்காலை ரோடு:
எல்லாருக்கும் நன்றி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் பதிஞ்சு, பிளாக் பண்ணிட்டேன். புது சிம் வாங்கிட்டேன், தூரத்தை மாத்தினதுல திருச்சிப் பக்கம் ஆள் வர்றாங்க. அதுல ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கும் விவாகரத்து. வீடியோ கால் கேட்டதும் உடனே வந்தார், அவங்க அம்மாவும் ரெண்டு வார்த்தை பேசினாங்க. நேர்ல பார்க்கலாம்கிறார். எங்க வச்சுக்கலாம்? பிள்ளையார்பட்டிக் கோவில்னா கூட்டமா இருக்கும், பயமில்லைன்னு நினைக்கிறேன்.

கோட்டையூர் ஆச்சி:
கோவில் நல்ல எடம்தான், சாமி முன்னாடி பார்த்துக்குங்க.

திருச்சிவாசி:
ஆச்சி மன்னிக்கணும், எனக்கு அது சரியாப் படல. பிள்ளையார்பட்டில தெரிஞ்ச முகம் ஒண்ணாவது வரும், சாயங்காலத்துக்குள்ள பொண்ணு பார்த்ததா ஊர்ல பேச்சாயிடும், அப்புறம் வேணாம்னு சொல்றது ரெண்டு பேருக்கும் கஷ்டம். திருச்சி பகல் நேரம், கூட்டமான ஹோட்டல். போக வர உங்க ஏற்பாட்டுலயே வாங்க, அவர் வண்டில ஏற வேணாம். ஆத்தாகிட்ட எங்க, யார்கூட, எத்தனை மணி வரைக்கும்னு சொல்லிட்டு வாங்க. தேவைப்பட்டா நானே பக்கத்து மேசையில உக்கார்றேன்.

செக்காலை ரோடு:
திருச்சியே வச்சுக்குறேன் தங்கச்சி. நீயும் வா. டிக்ரி நகல் கேட்டா தப்பா நினைப்பாரோன்னுதான் ஒரு தயக்கம்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
முதலில் உங்களுடையதை நீங்கள் காட்டிவிட்டுக் கேளுங்கள். நேரில் காட்டினால் போதும், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி உள்ள பக்கத்தைப் பாருங்கள். வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். குடும்ப வழக்கு என்பதால் அதில் விவரம் வராமலும் போகலாம். அப்படியானால் சான்றளிக்கப்பட்ட நகலை அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள்.